முதல் ஒன்பது மாத வட்டி

ஒரு லட்சம் ரூபாய் கட்டுகிறீர்கள். மாதம் பத்தாயிரம் வட்டி என்கிறார்கள். உங்களைச் சேர்த்துவிட்ட ஏஜென்ட்டுக்கு ஐயாயிரம் கமிஷன் போகிறது. மிச்சம் 95,000. நிறுவனம் அந்தப் பணத்தை எந்தத் தொழிலிலும் போடவில்லை, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் கணக்கில் ஒன்பது மாதம் தேதி தவறாமல் பத்தாயிரம் ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் பணத்தையே பிரித்துப் பிரித்து உங்களுக்குத் தருகிறார்கள். பாஸ்புக்கில் பார்த்தால் அது வட்டி போலத்தான் இருக்கும்.

மோசடித் திட்டங்களில் பணம் போட்டவர்களிடம் பேசினால் எல்லாரும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள். விளம்பரத்தை நம்பிப் போடவில்லை, நிறுவனத்தின் பெயரைக்கூடச் சரியாக விசாரிக்கவில்லை. அண்ணிக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது, கூட வேலை பார்ப்பவருக்கு ஏழு மாதமாக வந்தது. “எனக்கே வருதுங்க” என்று அவர்கள் சொன்னது பொய்யல்ல, உண்மையாகவே வந்தது. ஆனால் அந்த வரவு, பணம் எங்கே சம்பாதிக்கப்படுகிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. பத்து வட்டித் திட்டம் ஒன்பது மாதமும், எட்டு வட்டித் திட்டம் பதினொரு மாதமும், முப்பது வட்டித் திட்டம் மூன்று மாதமும் எந்தத் தொழிலும் இல்லாமலே ஒழுங்காக ஓடும். புதிதாக ஆள் சேரச் சேர அந்தக் காலம் நீளும்.

எவ்வளவு காலம் நீளும் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு நிறுவனம் 100 கோடி வசூலித்திருக்கிறது. மாதம் பத்து வட்டி. முதல் மாதம் 10 கோடி கொடுக்க வேண்டும், அதற்குப் புதிதாக 10 கோடி வசூலிக்கிறது. அந்தப் புதுப் பணத்துக்கும் அடுத்த மாதம் வட்டி உண்டு. இப்படியே போனால் பன்னிரண்டாம் மாதம் 28 கோடிக்கு மேலும், இருபத்து நான்காம் மாதம் கிட்டத்தட்ட 90 கோடியும், முப்பத்தாறாம் மாதம் 280 கோடியும் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் புதிதாக வர வேண்டும். முதலாளியின் கார், பங்களா, ஏஜென்ட் கமிஷன், அலுவலக வாடகை எதையும் இதில் சேர்க்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் இத்தகைய நிறுவனங்கள் ஆட்டம் காண்பதற்குக் காரணம் நிர்வாகக் கோளாறோ, எதிரிகளின் சதியோ, காவல்துறையின் அவசரமோ அல்ல. சேர்வதற்கு ஆள் தீர்ந்துபோகிறது.

1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி 45 நாளில் 50 விழுக்காடு லாபம் என்று சொல்லி வசூலித்தார். வெளிநாட்டு அஞ்சல் கூப்பன்களை வாங்கி விற்று லாபம் எடுப்பதாகக் கதை. சில மாதங்களில் எல்லாம் முடிந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் இந்த முறைக்கு அவர் பெயர்தான். நம் ஊரில் அந்தக் கதை ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு சரக்கை எடுத்துக்கொள்கிறது. 1990களில் தேக்கு மரம். அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998இல் சரிந்தது. 2009இல் திருப்பூரில் அந்நியச் செலாவணி வர்த்தகம். பிறகு ஈமு கோழி. அதன்பின் தங்கம். இப்போது கைப்பேசித் திரையில் ஓடும் பங்குச் சந்தை.

ஈமுவைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. பெருந்துறையில் இயங்கிய சுசி ஈமு பார்ம்ஸின் திட்டத்தில் ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சுகள் தருவார்கள். கொட்டகையும் தீவனமும் நிறுவனத்தின் செலவு. பராமரிப்புக் கூலியாக மாதம் 6,000. வருடத்துக்கு 20,000 போனஸ். இரண்டு ஆண்டு முடிந்ததும் கட்டிய ஒன்றரை லட்சம் திரும்பக் கிடைக்கும். வளர்க்க இடமில்லையா, கவலை வேண்டாம், நாங்களே வளர்க்கிறோம், மாதம் 7,000 தருகிறோம் என்று இன்னொரு திட்டம் இருந்தது. அந்த இரண்டாவது திட்டமே ஒருவரை நிறுத்தி யோசிக்க வைத்திருக்க வேண்டும். வளர்க்கிறவருக்கு ஆறாயிரம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஏழாயிரம். எந்தப் பண்ணைத் தொழிலில் இப்படி ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது?

முதல் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டில் கூலி 1,44,000, போனஸ் 40,000, திருப்பித் தர வேண்டிய முதல் 1,50,000. மொத்தம் 3,34,000. தீவனத்தையும் கொட்டகையையும் விட்டுவிட்டாலும் ஒரு பறவை 55,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்துத் தர வேண்டும். நன்றாக வளர்ந்த ஈமு நாற்பது கிலோ இருக்கும். எலும்பு, இறகு, குடல் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும் கிலோ 1,400 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். அன்றைக்கு நாட்டுக்கோழி அதில் பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. ஈமு கறியோ எந்தச் சந்தையிலும் வழக்கமாக விற்கவில்லை. முட்டை என்று பார்த்தால், ஈமு பருவத்துக்கு வரவே ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். ஒப்பந்தம் முடியும் வரை அந்தப் பறவை முதலாளிக்கு ஒரு ரூபாய்கூட ஈட்டித் தர வழியில்லை. பிறகு யார் கொடுத்தார்கள் அந்த மாதா மாதம் ஆறாயிரத்தை? ஒரு குஞ்சை 25,000 ரூபாய் கொடுத்து வாங்கிய அடுத்த விவசாயி கொடுத்தார். ஈமுக் குஞ்சுக்கு இருந்த ஒரே சந்தை, இன்னும் ஈமு வாங்காத ஆள்.

2012 ஆகஸ்டில் அது நின்றது. முதலாளிகள் தலைமறைவாக, பட்டினியில் கிடந்த பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டி வந்தது. கொங்கு மண்டலத்தில் இருந்தவர்கள் அன்றைக்குப் பார்த்தது கொட்டகையை, குஞ்சை, தீவன லாரியை, மாதாந்திர வரவை. கண்ணுக்குத் தெரிந்த எல்லாமே நிஜம். விற்பனை மட்டும் நடக்கவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

இதைக் கேட்பதற்குப் பொருளாதாரப் படிப்பு வேண்டாம். இந்தப் பணத்தை யார், எதை, எவ்வளவுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள்? பால்காரரிடமும் மளிகைக்கடைக்காரரிடமும் இதற்குப் பதில் இருக்கிறது. மாதம் பத்து வட்டி தருகிறவரிடம் கேட்டால் “கம்பெனி ரகசியம்”, “ஏஐ மூலமா டிரேடிங்”, “தங்கச் சுரங்கத்துல முதலீடு” என்று பதில் நழுவும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாதம் பத்து விழுக்காடு உண்மையாகவே சம்பாதிக்கத் தெரிந்தவர் தன்னிடம் இருக்கும் ஒரு லட்சத்தைப் போட்டு லாபத்தையும் அதிலேயே விட்டு வைத்தால், ஐந்து ஆண்டில் அது மூன்று கோடி. பத்து ஆண்டில் 927 கோடி. அவருக்கு ஓய்வுபெற்ற ஆசிரியரின் பிராவிடன்ட் ஃபண்ட் தேவையே இல்லை.

“நம்ம ஊர்லயே அஞ்சு வட்டி, பத்து வட்டிக்குக் கடன் வாங்குறாங்களே, அந்த மாதிரி விட்டுச் சம்பாதிக்கிறாங்க போல” என்று பலர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். இதை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் பழகிய ஊரில் பத்து என்ற எண் யாருக்கும் அதிர்ச்சி தருவதில்லை. ஆனால் காலையில் காய்கறி வாங்கி மாலையில் திருப்பித் தருகிற சில்லறை வியாபாரிக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் வேறு. ஆயிரக்கணக்கான கோடியை அந்த வட்டிக்கு எடுத்துத் திருப்பிக் கட்ட எந்தத் தொழிலாலும் முடியாது. அப்படியே விடுகிறார்கள் என்றாலும் அது தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டப்படி குற்றம். குற்றத்தில் பங்குதாரர் ஆவதற்குத்தான் பணம் கட்டுகிறோம் என்று ஆகும்.

2022இல் ஒரே ஆண்டில் தமிழ்நாட்டில் வெளிவந்தவற்றைப் பாருங்கள். ஆருத்ரா கோல்டு டிரேடிங் மீதான வழக்கில் மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை தருவதாகச் சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. வேலூரில் ஐஎஃப்எஸ் என்று அறியப்பட்ட நிறுவனத்தின் மீதான வழக்கில் தொகை சுமார் 6,000 கோடி. ஹிஜாவு, மாதம் 15 விழுக்காடு. நான்காயிரம் கோடிக்கு மேல். இவை அனைத்தும் அலுவலகம், பெயர்ப் பலகை, ரசீது வைத்துக்கொண்டு பகிரங்கமாக நடந்தவை. பணம் போட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை, நிலம் விற்று வந்ததை, வெளிநாட்டில் உழைத்து அனுப்பியதைப் போட்டவர்கள் அதிகம். வங்கி வட்டி மருந்துச் செலவுக்கே போதவில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை. முதலில் ஐம்பதாயிரம் போட்டுப் பார்க்கிறார்கள். ஆறு மாதம் வருகிறது. ஏழாவது மாதம் நகையை அடகு வைத்து ஐந்து லட்சம் போடுகிறார்கள். அந்த முதல் ஆறு மாத வட்டி, இந்த ஐந்து லட்சத்தைப் பிடிக்க நிறுவனம் செய்த செலவு.

காட்டப்படும் காகிதங்களைப் பற்றி. கம்பெனிகள் பதிவாளர் கொடுத்த சான்றிதழ், ஜிஎஸ்டி எண், பான், எம்எஸ்எம்இ பதிவு ஆகியவற்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். இவற்றில் ஒன்றுகூடப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் அனுமதி அல்ல. மாவுமில் வைப்பதற்கும் இதே காகிதங்கள்தான். “ஆர்பிஐ ரிஜிஸ்டர்ட்” என்று சொன்னாலும் போதாது. ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு டெபாசிட் வாங்க அனுமதி கிடையாது. அனுமதி பெற்ற சிலவற்றின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அவையும் ஆண்டுக்கு 12.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தரக்கூடாது, ஓராண்டுக்குக் குறைந்த டெபாசிட் வாங்கக்கூடாது, சேர்பவருக்குப் பரிசுப் பொருள் தரக்கூடாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 12.5 என்பது நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அதற்குமேல் சில பைசா. ஆகவே இரண்டு வட்டி தருகிறோம் என்று டெபாசிட் கேட்கும் நிதி நிறுவனம் எதுவானாலும், அந்த ஒரு சொல்லிலேயே சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

முத்திரைத்தாளில் எழுதித் தருவதும், பின்தேதியிட்ட காசோலைகளைக் கொடுப்பதும் பலரை மயக்குகிறது. அந்த முத்திரைத்தாளை முழுவதும் படித்தவர்கள் குறைவு. அதில் டெபாசிட் என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. “வணிகப் பங்கேற்பு”, “கைமாற்றுக் கடன்”, “முன்பணம்” என்று ஏதாவது இருக்கும். டெபாசிட் சட்டங்களிலிருந்து நழுவுவதற்காகவே அப்படி எழுதுகிறார்கள். காசோலையோ, கணக்கில் பணம் இருக்கும் வரைக்கும்தான் காசோலை.

கைப்பேசிவழி மோசடியில் கொட்டகையும் இல்லை, அலுவலகமும் இல்லை. வாட்ஸ்ஆப் அல்லது டெலிகிராம் குழுவில் உங்களைச் சேர்க்கிறார்கள். பேராசிரியர் என்று ஒருவர் தினமும் பங்குச் சந்தைப் பாடம் எடுக்கிறார். உதவியாளர் என்று ஒரு பெண் அன்பாக விசாரிக்கிறார். மற்ற உறுப்பினர்கள் லாபம் வந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பகிர்கிறார்கள்; அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதே கும்பல். பெரிய தரகு நிறுவனத்தின் பெயரும் சின்னமும் போட்ட ஒரு செயலியை இணைப்பு அனுப்பி இறக்கச் சொல்வார்கள். பத்தாயிரம் போட்டால் இரண்டே நாளில் திரையில் பதிமூவாயிரம். எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், எடுக்கவும் முடியும். இங்கேயும் அதே முதல் மாத வட்டி, இரண்டு நாளில் வந்துவிடுகிறது. பிறகு ஐபிஓ ஒதுக்கீடு என்று லட்சங்கள் போகின்றன. திரையில் கோடி தெரியும்போது எடுக்கப் போனால் முப்பது விழுக்காடு வரியை முதலில் கட்டு என்பார்கள். கட்டியபின் இன்னொரு கட்டணம்.

இதற்கு ஒரு உறுதியான சோதனை உண்டு. இந்தியாவில் நீங்கள் வாங்கும் பங்கு, என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற இரண்டு களஞ்சியங்களில் ஒன்றில் உங்கள் டிமேட் கணக்கில் வந்து சேர வேண்டும். அந்தக் களஞ்சியமே உங்களுக்கு நேரடியாகக் கணக்கு அறிக்கை அனுப்பும். செயலித் திரையில் இருக்கிற பங்கு அங்கே இல்லை என்றால் அந்தப் பங்கே இல்லை. அடுத்தது, பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். செபியில் பதிவான தரகர் பணம் வாங்குவது அவருடைய நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கில்தான். யாரோ ஒரு தனிநபர் பெயரும், ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு கணக்கும் வந்தால் அவை வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள். லாபத்துக்கான வரியை வருமான வரித்துறைக்குத்தான் கட்டுகிறோம். பணத்தை எடுப்பதற்கு முன் தரகரிடம் கட்டும் வரி என்று ஒன்று கிடையாது.

அந்த அன்பான உதவியாளர் யார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மியான்மரின் மியாவாடியிலும் கம்போடியாவிலும் உள்ள அடைப்பு வளாகங்களிலிருந்து இந்த வேலை நடக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் அங்கே மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். மறுமுனையில் தட்டச்சு செய்பவரே அடைபட்டவராக இருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு ஏன் உரிய நேரத்தில் புகார் வருவதில்லை? வட்டி வந்துகொண்டிருக்கும்போது புகார் கொடுக்க யாருக்கும் காரணம் இல்லை. நின்றபிறகு, கொடுத்தால் கம்பெனிக்காரர் சிறைக்குப் போய்விடுவார், நம் பணம் போய்விடும் என்ற பயம். 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று சொன்ன ஒரு செயலி நிறுவனத்தின் மீது வழக்குப் பதிந்ததை எதிர்த்து, அதில் பணம் கட்டியவர்களே கூடிய கூட்டம் அது. ஏஜென்ட்டுகளும் இந்தப் பயத்தை வளர்க்கிறார்கள், காரணம் அவர்கள் சேர்த்துவிட்டது சொந்தக்காரர்களை. அதோடு 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி, பொய் என்று தெரிந்தே ஆசைகாட்டி ஒருவரை இத்தகைய திட்டத்தில் சேர்த்தாலும் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. கமிஷனுக்காக மாமன் மச்சானைச் சேர்த்துவிட நினைப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

பணம் திரும்புமா? அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லி வசூலித்த திருப்பூர் பாசி நிறுவனத்தின் சரிவு 2009இல். 930 கோடி ரூபாய் மோசடி வழக்கில் அதன் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறையும் 171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்துக் கோவை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஆகஸ்டில். இடையில் பதின்மூன்று ஆண்டு. அதற்குள் எத்தனை டெபாசிட்தாரர்கள் இறந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. 1997இல் தமிழ்நாடு கொண்டுவந்த முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, தனி நீதிமன்றத்தின் வழியாக விற்று, பணம் போட்டவர்களுக்கு விகிதாசாரப்படி பிரித்துத் தர வழி செய்கிறது. கிடைப்பது, முடக்கும்போது என்ன மிச்சம் இருக்கிறதோ அதில் ஒரு பங்கு. தாமதம் ஆக ஆக அந்த மிச்சம் வேறு பெயர்களுக்கு மாறிவிடும்.

இணையவழியில் போன பணம் என்றால் நாள் கணக்கில்கூட யோசிக்கக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் வங்கி அதை நிறுத்திவைக்க அந்த முதல் சில மணி நேரத்தில்தான் வாய்ப்பு அதிகம். நிறுவனத்தில் போட்ட டெபாசிட் என்றால் மாவட்டத்திலுள்ள பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார். “ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுங்க, புதுப்பித்துத் தருகிறோம்” என்று ஏஜென்ட் கேட்டால் கொடுக்கக்கூடாது. பத்திரம், ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸ்ஆப் உரையாடல் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று வக்கீல் பெயரிலும் அதிகாரி பெயரிலும் அழைப்புகள் வரும். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்திருப்பவர்களே அப்படி அழைக்கிறார்கள்.

புகார் கொடுத்தவர்களுக்குப் பணம் கிடையாது, பொறுத்திருப்பவர்களுக்கு முதலில் செட்டில்மென்ட் என்ற பேச்சு ஒவ்வொரு நிறுவனம் சரியும்போதும் பரவுகிறது. நடைமுறை இதற்கு நேர் எதிர். முடக்கிய சொத்தை விற்றுப் பிரிக்கும்போது நீதிமன்றம் பார்ப்பது, உரிமை கோரி ஆவணத்தோடு பதிவு செய்தவர்களின் பட்டியலைத்தான்.